எழுபது பேருக்கு முன்னால் ஒற்றை வயலின்

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு வயலின் அந்நியமான வாத்தியம் அல்ல. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலம் தொட்டு அது நம் மேடையில் இருக்கிறது. அதே வயலினை இரட்டைக் கோபுரத்தின் அடியில், டேவான் பிலஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில், விருந்தினராக வந்த கலைஞர் ஒருவர் நின்றபடி வாசிக்கிறார். பின்னால் மலேசிய பிலஹார்மோனிக் இசைக்குழு, அறுபது எழுபது பேர். மைக் கிடையாது. அந்த ஒற்றை வயலின் எப்படித்தான் காதுக்கு எட்டுகிறது?

பாதி வேலையை இசையமைத்தவரே செய்துவிடுகிறார். முழுக்குழுவும் முழங்கும் இடங்களில் தனி வயலின் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அது தொடங்கியதும் டிரம்பெட் அடங்கும். மற்றத் தந்தி வாத்தியங்கள் மெல்ல வாசிக்கும், அல்லது வில்லை விட்டு விரலால் மீட்டும். தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இத்தகைய உருப்படிக்குக் கான்செர்டோ என்று பெயர். சாய்கோவ்ஸ்கியும் பிராம்ஸும் 1878இல் எழுதிய வயலின் கான்செர்டோக்கள் இரண்டிலும், உரத்து முழங்கும் பித்தளைக் குழலான டிராம்போன் கிடையாது. சிபேலியஸ் தம் வயலின் கான்செர்டோவில் மூன்று டிராம்போன் சேர்த்தார். அங்கே, கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநருக்குப் பொறுப்பு கூடுகிறது.

ஆட்களையும் குறைப்பார்கள். குழு மட்டும் வாசிக்கும் சிம்பொனிக்கு 14 பேர் முதல் வயலின் பிரிவில் உட்கார்ந்தால், கான்செர்டோவுக்கு 12 அல்லது 10 பேர்தான். டபுள் பாஸ் ஆறு நான்காகும். மீதிக்குக் காதே துணை. 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வயலினின் ஒலி நன்றாக எடுபடும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அங்கேதான். வயலினின் மிக உயர்ந்த தந்தியான ஈ தந்தியில் வாசிக்கும்போது குழுவைத் தாண்டி வருவது இதனால்தான். 196 ஹெர்ட்ஸில் இருக்கும், மிகத் தாழ்ந்த ஜி தந்திக்கு அந்த வசதி இல்லை. குழு கொஞ்சம் உரக்கப் போனாலும் முதலில் மூழ்குவது அதுதான். ஒரு நடத்துநரின் தரத்தை அறிய நான் கவனிக்கச் சொல்வதும் அந்த இடத்தைத்தான்.

கலைஞர் நிற்கும் இடத்தையும் பாருங்கள். நமக்கு இடப்பக்கம், நடத்துநருக்கு அருகில், வலது தோள் நம்மை நோக்கியிருக்க நிற்பார். அப்போதுதான் வயலினின் எஃப் வடிவத் துளைகள் அரங்கத்தைப் பார்க்கும். மறுபக்கம் நின்றால் ஒலி குழுவுக்குள்ளேயே போய்விடும். அதனால் டிக்கெட் எடுக்கும்போது மேடைக்குப் பின்புற இருக்கைகளைக் கான்செர்டோவுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடத்துநரின் முகம் தெரியும், தனி வயலின் மங்கிவிடும்.

அடுத்து சுருதி. நம் கச்சேரியில் பாடகரின் சுருதிக்கு வயலினைச் சேர்ப்போம், தம்பூராவும் கடைசிவரை உடன் வரும். இங்கே ஓபோ என்ற ஊது வாத்தியம் ஒரே ஒரு ஏ ஸ்வரத்தைக் கொடுக்கும், 440 முதல் 442 ஹெர்ட்ஸுக்குள். பிறகு அவரவர் காதுதான். ஏசி குளிரில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சுருதி இறங்கும், ஊத ஊத ஏறும். எஃகுத் தந்தியோ குளிரில் இறுகி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒரு உருப்படி முடிந்ததும் மறுபடி சுருதி சேர்ப்பது இதற்காகத்தான்.

குளிர்கால ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு நம் ஊர் ஈரப்பதம் பெரிய சோதனை. அங்கே ஹீட்டரின் காய்ந்த சூட்டில் இருந்த மரம் இங்கே வந்ததும் உப்பும். தந்தியை முறுக்கும் பிருடை இறுகும், தந்திகள் விரற்பலகையிலிருந்து உயரும், வில்லின் குதிரைமயிர் நீண்டு தளரும். திரும்பிப் போகும்போது இதற்கு நேர்மாறு: மரம் சுருங்கி, பிருடை வழுக்கி, ஒட்டிய விளிம்பு விட்டுக்கொள்ளும். ஓரிரு நாள் முன்னதாகவே வந்து, வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்தபடி அரங்கத்தின் காற்றுக்குப் பழக்குவது நல்லது.

நடுவே தந்தி அறுந்தால்? கலைஞர் தன் வயலினை, குழுவின் தலைமை வயலின் கலைஞரான கான்செர்ட் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கித் தொடர்வார். 1986இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில், 14 வயது வயலின் கலைஞர் மிடோரிக்கு ஒரே உருப்படியில் ஈ தந்தி இருமுறை அறுந்தது. இருமுறையும் வயலின் மாற்றி வாசித்து முடித்தார்.

கைதட்டல் பற்றி ஒரு வார்த்தை. கான்செர்டோவில் பெரும்பாலும் மூன்று பகுதிகள். நடத்துநரின் கை முழுக்கக் கீழே இறங்கும்வரை பொறுப்பது வழக்கம். சாய்கோவ்ஸ்கியின் முதல் பகுதி முடிவில் பல ஊர்களிலும் தட்டிவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை என்பேன், அந்த முடிவே அப்படிப்பட்டது. மெண்டல்ஸோன் 1845இல் அரங்கேறிய தம் கான்செர்டோவில் அதற்கு இடமே வைக்கவில்லை. முதல் பகுதி முடிந்ததும் பஸூன் என்ற ஊது வாத்தியம் ஒன்று மட்டும் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பகுதிக்குள் அழைத்துப் போகும்.

கான்செர்டோ பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே வந்துவிடும். கதவு சாத்திய பிறகு தகுந்த இடைவெளியில்தான் உள்ளே விடுவார்கள். மெண்டல்ஸோன் என்றால் தனி வயலின் இரண்டாவது தாள அளவிலேயே நுழைந்துவிடும், நடுவில் நிற்பதும் இல்லை. ஏறக்குறைய 27 நிமிடம் ஓடும் அதற்கு ஐந்து நிமிடம் பிந்தினால், மீதி முழுக்க வெளியே நிற்க வேண்டியதுதான். கேஎல்சிசி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி பேரங்காடியைக் கடந்து நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள்.

வணக்கம்.