ஜீப்ரா மீன் கருவில் டிஎல்ஆர் மரபணுக்களை அளப்பது எப்படி?

[திரையில்: 28.5 டிகிரி செல்சியஸில் வளரும் முட்டை, கருவுற்று 1 மணி நேரம்]

டிஎல்ஆர் என்பவை கிருமிகளை உணரும் ஏற்பிகள். இந்த முட்டையை அரைத்து கியூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) ஓட்டினால், சில டிஎல்ஆர் மரபணுக்களுக்கு சிக்னல் வரலாம். "ஏற்பி இப்போதே வேலை செய்கிறது" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். கருவின் சொந்த மரபணுக்களில் பெரும்பாலானவை இயங்கத் தொடங்க ஏறக்குறைய 3 மணி நேரமாகும். அதுவரை தெரிவதெல்லாம் தாய் மீன் முட்டைக்குள் வைத்து அனுப்பிய ஆர்என்ஏ.

[திரையில்: 1, 3, 4 நாள், 6 வாரம்]

முதல் நாள் முடிவதற்குள் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வந்துவிடும். மூன்றாம் நாள் வாக்கில் வாய் திறந்து, குடலுக்குள் பாக்டீரியா நுழையும். டி செல் ஏற்பியைக் கோக்கும் ராக்1 மரபணு தைமஸில் (டி செல்கள் முதிரும் உறுப்பு) தெரிவது ஏறக்குறைய 4ஆம் நாள். ஆனால் முழுமையான தகவமைப்பு எதிர்ப்புத் திறனுக்கு (ஒவ்வொரு கிருமிக்கும் தனியாக உருவாகும் பாதுகாப்பு) 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் பாரம் முழுக்க டிஎல்ஆர் போன்ற பிறவி ஏற்பிகள் தலையில்தான்.

[திரையில்: 1.5 மில்லி குழாய்]

ஒரு குழாய்க்கு 30 கரு. வெவ்வேறு பெற்றோர் ஜோடிகளிலிருந்து குறைந்தது 3 குழாய். தண்ணீரை ஒட்ட உறிஞ்சிவிட்டு 500 மைக்ரோலிட்டர் ட்ரைசால் (ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் திரவம்) விடுங்கள். தண்ணீர் தங்கினால் ட்ரைசால் நீர்த்துப்போய் ஆர்என்ஏ குறையும்.

பல டிஎல்ஆர் மரபணுக்களில் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) குறைவு. அதனால் எக்ஸான்கள் (மிஞ்சும் பகுதிகள்) சேரும் இணைப்பின்மேல் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அமைத்து ஆர்என்ஏவை மட்டும் பிரித்தறிய இடமே கிடைக்காது. ஆகவே டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி கட்டாயம். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத குழாய் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். அதிலும் சிக்னல் வந்தால், பெருகுவது ஜீனோம் டிஎன்ஏ.

சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) எடுக்க ஆலிகோ-டிடி (பாலி-ஏ வாலில் ஒட்டும் பிரைமர்) மட்டும் போட்டால் இன்னொரு வம்பு. தாய் ஆர்என்ஏவின் பாலி-ஏ வால் (நுனியில் தொடரும் 'ஏ' எழுத்து வரிசை) முதல் சில மணி நேரத்தில் நீளும். ஆர்என்ஏ அளவு மாறாமலே வரைபடம் ஏறும்! வாலை நம்பாமல் எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர் பிரைமர் போடுங்கள்.

அளவு மாறாது என்று நம்பி ஒப்பிடும் மரபணுவும் காலை வாரும். பீட்டா ஆக்டினும் இஎஃப்1 ஆல்ஃபாவும் இந்த நேரத்தில் தாங்களே மாறுகின்றன. அரைக்கும்போதே எல்லாக் குழாயிலும் சம அளவு வெளி ஆர்என்ஏ சேர்த்து அதை வைத்துக் கணக்கிடுவது எங்கள் பரிந்துரை.

டி செல் ஏற்பிக்கு முழு லார்வாவை அரைக்காதீர்கள். தைமஸ் அவ்வளவு சிறியது. உடலின் மற்ற ஆர்என்ஏவில் கரைந்து, சிடி (சிக்னல் தெரிய எடுக்கும் சுழற்சி எண்ணிக்கை) 35-ஐத் தாண்டிவிடும். தலையை மட்டும் வெட்டி எடுங்கள், அல்லது அரைக்காமல் இருந்த இடத்திலேயே ஆர்என்ஏவைக் காட்டும் இன்-சிட்டு சாயமேற்றிப் பாருங்கள்.

டிஎல்ஆரைத் தூண்டிப் பார்க்க எல்பிஎஸ் (சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள பொருள்) வேண்டாம்; ஜீப்ரா மீனின் டிஎல்ஆர்4 அதை மனித ஏற்பிபோல் உணராது. ஃபிளாஜெலின் (பாக்டீரியாவின் வால் புரதம்) கொடுங்கள். அதை உணர டிஎல்ஆர்5ஏ, 5பி இரண்டும் ஜோடி சேர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி பிரைமர் வையுங்கள்.