ஆம்பளைக்கு 10 புள்ளி, பொம்பளைக்கு 5: மாவோ காலத்துச் சீன வயல்கள்

வணக்கம் மக்களே. மாவோ காலத்துச் சீனாவுல வயல் வேலை பார்த்த கிராமத்துப் பெண்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ‘வானத்துல பாதியைத் தாங்குறது பெண்கள்’னு முழங்கின நாடு. அந்தப் பாதிக்கு என்ன கூலி கொடுத்தாங்கன்னு பார்ப்போம்.

கூட்டுப்பண்ணை, அதாவது நிலத்தையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து ஊரே சேர்ந்து பயிரிடுற முறை, வந்தப்புறம் தினக்கூலின்னு கையில காசு கிடையாது. எல்லாம் வேலைப்புள்ளிதான். இன்னாருக்கு இன்னைக்கு இத்தனை புள்ளின்னு கணக்கெழுதுறவர் நோட்டுல போடுவார். வருஷக் கடைசில அதை வெச்சுத்தான் பங்கு. நல்ல வேலைக்காரர்னா ஆம்பளைக்கு 10 புள்ளி. பொம்பளைக்கு 5, 6, மிஞ்சிப்போனா 7, 8. அந்தப் பங்கும் அவங்க கைக்கு வராது. குடும்பத் தலைவர் பேர்ல மொத்தமா வரும்.

இதை எதிர்த்து நின்னவங்கதான் ஷென் ஜிலான். ஷான்சி மாகாணத்துல, தைஹாங் மலைப்பக்கம் ஷிகோவ்னு ஒரு ஊர். 1950களோட தொடக்கம், அவங்களுக்கு இருபதை ஒட்டின வயசு. நல்ல பொம்பளை வாசல் தாண்ட மாட்டான்னு சொல்லி வளர்த்த ஊர் அது. வீடு வீடாப் போய்ப் பெண்களை வயலுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வந்தவங்க கேட்டாங்க: “பாதிப் புள்ளிக்கு நான் ஏன் வரணும்?” நியாயம்தானே?

அப்புறம் ஒரு போட்டி வெச்சாங்க. வயலுக்கு எரு போடுற வேலை, ஆம்பளைங்களுக்கு ஒரு பங்கு, பொம்பளைங்களுக்கு ஒரு பங்கு. ஆம்பளைங்க நடுநடுவுல புகை பிடிக்க உக்காந்துட்டாங்க. மத்தியானத்துக்குள்ள பெண்கள் தங்களோட பங்கை முடிச்சுட்டாங்கன்னு அந்த ஊர்ல சொல்வாங்க. அதுக்கப்புறம் அங்க சம வேலைக்குச் சமப் புள்ளி. 1953 ஜனவரில கட்சிப் பத்திரிகையான ‘மக்கள் நாளிதழ்’ல செய்தியே வந்துச்சு. 1954ல கூடின முதல் தேசிய மக்கள் காங்கிரஸ்ல, அதாவது சீன நாடாளுமன்றத்துல, ஷென் ஜிலான் உறுப்பினர். 2020ல இறக்குற வரைக்கும் அந்தப் பதவில இருந்தாங்க. ஒரு தடவைகூட எதிர்த்து ஓட்டுப் போட்டதில்லைன்னு அவங்களை விமர்சிக்கிறவங்க உண்டு, அந்த விமர்சனம் எனக்கும் சரின்னுதான் படுது. ஆனா அந்தப் புள்ளிச் சண்டையோட மதிப்பு அதனால குறையாது.

ஆனா ஷிகோவ்ல நடந்தது எல்லா ஊர்லயும் நடக்கலை. ஷான்சிக்குப் பக்கத்துல, ஷியான் நகரம் இருக்கிற மாகாணத்தை எடுத்துக்கோங்க. பருத்தி விளையுற பூமி. 1958ல ஆம்பளைங்களை அணை கட்டவும் இரும்பு உருக்கவும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பருத்தி வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில விழுந்துச்சு. முழு வயலையும் பார்த்தாங்க, புள்ளி மட்டும் ஏறலை.

எனக்கு மனசு ஆறாத இடம் ராத்திரிதான். பகல் பூராப் பருத்தி பறிச்சவங்க, புள்ளைங்களைத் தூங்க வெச்சுட்டு எண்ணெய் விளக்குல நூல் நூத்தாங்க, நெய்தாங்க. பழந்துணியை அடுக்கடுக்கா ஒட்டி, சணல் நூல்ல குத்திக் குத்தித் தைச்சு, வீட்டுல அத்தனை பேருக்கும் செருப்பு செஞ்சாங்க. ரேஷன் துணி பத்தாதே! இந்த வேலைக்கு எந்த நோட்டுலயும் ஒரு புள்ளி கிடையாது. பருத்தி விளைவிக்கிறவங்க வீட்டுலயே துணிக்குத் தட்டுப்பாடு, யோசிச்சுப் பாருங்க.

பொதுச் சமையற்கூடம், குழந்தைக் காப்பகம் எல்லாம் 1958ல திறந்தாங்க. அடுப்படிச் சுமையைக் குறைக்கிற நல்ல யோசனை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா பஞ்சம் வந்து சமையற்கூடம் எல்லாம் மூடிடுச்சு. மாதவிலக்குன்னா ஈர வயல்ல இறக்கக் கூடாது, கர்ப்பிணிக்குப் பளு கூடாது, பால் கொடுக்கிறவங்களைத் தூரத்து வயலுக்கு அனுப்பக் கூடாதுன்னு விதியே இருந்துச்சு. அவசரத்துல அதை யார் பார்த்தா? பிள்ளை பெத்த உடம்பு தேறுறதுக்குள்ள பளு தூக்கி, எத்தனையோ பேருக்குக் கருப்பை இறங்கிடுச்சு. வெளிய சொல்லக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கா அந்த வலியோடயே வயலுக்குப் போனவங்க இருக்காங்க.

1980களோட தொடக்கத்துல கூட்டுப்பண்ணையைக் கலைச்சு, நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகைக்குப் பிரிச்சாங்க. புள்ளி நோட்டு போச்சு, ஆனா குத்தகை பெரும்பாலும் ஆம்பளை பேர்ல. ஆம்பளைங்க வேலை தேடி நகரத்துக்குப் போக, வயல் மறுபடியும் பெண்கள் கைக்கு வந்துச்சு. கல்யாணமாகி வேற ஊருக்குப் போனவளுக்குப் பிறந்த ஊர்லயும் பங்கில்லை, புகுந்த ஊர்லயும் பங்கில்லைங்கிற நிலைமை. புகுந்த ஊர்ல நிலம் கிடைக்காத பெண்ணோட பழைய பங்கைப் பிடுங்கக் கூடாதுன்னு 2003ல அமலுக்கு வந்த சட்டம் சொல்லுது. அப்படியும் ஊர்க்கட்டுப்பாடுன்னு காரணம் காட்டிப் பங்கை மறுத்தாங்க. அதனாலதான் கன்னியோ, கட்டிக்கொடுத்தவளோ, விவாகரத்தானவளோ, கணவனை இழந்தவளோ, அதைக் காரணமா வெச்சு உரிமையைப் பறிக்கக் கூடாதுன்னு 2024ல இன்னொரு சட்டம் போட வேண்டி வந்துச்சு.