கொடிநாள் காசு எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் 7, படைவீரர் கொடிநாள் வந்தால் சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள். நாமும் பத்தோ இருபதோ போடுவோம். அது யாருக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்கிறது. பஜாருக்குப் போகிற அவசரத்தில் யார் அண்ணாந்து பார்க்கிறோம்? எனக்கோ அந்த மீதி 263 பேரைப் பற்றித்தான் யோசனை. திரும்பி வந்தவர்கள் எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோதும் இதே கதைதான். லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தார்கள், போர் ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலருக்குப் பென்ஷன் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரின் குழு ஒன்று கூடி, ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் கொடி கொடுத்து நிதி திரட்டலாம் என்று முடிவு செய்தது. தனித்தனியாகக் கிடந்த நல நிதிகளை 1993-இல் ஒன்றாக்கினார்கள்.

பென்ஷன் இல்லாத மிலிட்டரிக்காரர் இருப்பாரா என்று கேட்கலாம். இருக்கிறார். சாதாரண ஜவானுக்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். குடும்பக் கஷ்டத்தில் பாதியில் வந்தவர் பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற வெறும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடுதான் ஊர் திரும்புவார். அப்படிப்பட்டவர்களில் ஹவில்தார் பதவி வரை இருந்து, 65 வயது தாண்டி, வருமானமில்லாமல் தவிப்போருக்கு மத்தியக் கொடிநாள் நிதியிலிருந்து மாதாந்திர உதவி உண்டு. அவர்களுடைய விதவைகளுக்கும் உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள்.

சரி, வாங்குகிறார்களா? அங்கேதான் சிக்கல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. ஆள் எடுத்த அன்று வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிய பெயர் அது. அதைவிடக் கொடுமை, கல்யாணத்தைப் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரத்தைச் சேர்க்கிற ராணுவப் பதிவில், பதியாமலே விட்டிருப்பார்கள். கணவர் போன பிறகு அந்த அம்மா ராணுவத்தின் ரெக்கார்ட் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊரில் கேட்டுச் சொல்ல ஆள் உண்டு. ஒற்றை மிலிட்டரிக்காரர் இருக்கும் கிராமத்தில்தான் யாரும் இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அந்தப் பழைய புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். மனைவி பெயர் இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். அப்புறம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுவார். நன்றி, வணக்கம்.