எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?

அன்பான பெற்றோரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களே, உங்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

நம் கூட்டங்களில் "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம்" என்று அழைப்பார்கள். குடியிலிருந்து விடுதலையானவர் வருவார், சிறையில் மனந்திரும்பினவர் வருவார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்போம். அப்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கி, பேசத் தெரிந்த நாளிலிருந்தே ஜெபிக்கவும் தெரிந்தவர்கள். அவர்களுடைய சாட்சி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதையும் ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வதுபோலச் சொல்வார்கள். இன்றைக்கு அவர்களோடுதான் பேசப்போகிறேன். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

சின்ன வயதில் எனக்குக் கிடைத்த வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. ஒன்று, பிறந்த நாள். அடுத்தது, மறுபடியும் பிறந்த நாள், அதாவது இரட்சிக்கப்பட்ட நாள். முதலாவதை மையில் எழுதினேன். இரண்டாவதைப் பென்சிலில்தான் எழுதினேன், ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளியில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கண்களை மூடிக் கையை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்துவேன், வீட்டுக்கு வந்து தேதியை எழுதுவேன். அடுத்த வருடம் வேறொரு ஊழியர் வந்து, "போன தடவை உண்மையாகவே ஒப்புக்கொடுத்தாயா?" என்று கேட்பார். பழைய தேதியை அழித்துப் புதிய தேதியை எழுதுவேன். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது.

இரவுகள் இன்னும் மோசம். நடு இரவில் விழிப்பு வரும். வீடு நிசப்தமாக இருந்தால், இயேசுவின் இரண்டாம் வருகை நடந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று தோன்றும். அடுத்த அறையில் அம்மா இருமும் சத்தம் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அம்மா இருமினால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். என் இரட்சிப்பின் நிச்சயம் அப்போது அம்மாவின் இருமலில் இருந்தது. சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அப்படிப் படுத்திருந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்!

சரி, வேதத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, பட்டயத்தை உருவினான், "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று நடுங்கிக் கேட்டான். அவனைக் கேட்டால் தேதி மட்டுமா, மணியைக்கூடச் சொல்வான். அதே பட்டணத்தில், அதே அதிகாரத்தில், லீதியாள் இருக்கிறாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பவுல் பேசுவதைக் கவனித்தாள். கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். ஒரு கூழாங்கல்கூட அசையவில்லை. இன்னும் மேலே போங்கள். அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே தீமோத்தேயு இருக்கிறான். விசுவாசியான ஒரு தாயின் மகன். அவன் மனந்திரும்பின காட்சி அங்கே இல்லை. பின்னாளில் பவுல் அவனுக்கு எழுதும்போதும் அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைவுபடுத்துகிறார், சிறுவயது முதல் அவன் வேத எழுத்துக்களை அறிந்ததைச் சொல்கிறார். நீ எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று கேட்கவில்லை.

அப்படியானால் விசுவாச வீட்டில் பிறந்தாலே போதுமா என்று ஒரு பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. 1 சாமுவேலில் ஒரே ஆசரிப்பு ஸ்தலத்தில் மூன்று பேரைப் பார்க்கிறோம். ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் இருவர், அவர்களோடு சிறுவனாகிய சாமுவேல். ஏலியின் குமாரரைப்பற்றி இரண்டாம் அதிகாரம், அவர்கள் கர்த்தரை அறியவில்லை என்கிறது. மூன்றாம் அதிகாரத்தில், விளக்கு அணைந்துபோகுமுன்னே படுத்திருந்த சாமுவேலைப்பற்றியும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. ஒரு சொல்தான் கூடுதல். "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." அந்த 'இன்னும்' என்ற சொல்லில் பெற்றோருக்கு எவ்வளவு ஆறுதல் இருக்கிறது! எச்சரிப்பும் இருக்கிறது. ஆலயத்தில் வளர்ந்தும் அறியாமலே போகலாம், ஓப்னியும் பினெகாசும் போனார்கள். சாமுவேலுக்கோ கர்த்தர் கூப்பிட்ட சத்தம் ஏலியின் சத்தம்போலவே கேட்டது. மூன்று தரம் கிழவரிடம் ஓடினான். வீட்டில் வளரும் பிள்ளைக்கு முதலில் கேட்பது அப்பாவின் குரல், அம்மாவின் குரல். அதற்குள் ஆண்டவரின் குரல் எப்போது கேட்க ஆரம்பித்தது என்று அந்தப் பிள்ளையாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம்.

17-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற இங்கிலாந்துப் போதகர் இதே கலக்கத்தில் இருந்தவர். அக்காலத்துப் போதகர்கள் மனந்திரும்புதலுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள்: முதலில் பயம், பிறகு நொறுங்குதல், பிறகு சமாதானம். தன் அனுபவம் அந்த வரிசையில் இல்லை, மனந்திரும்பின நேரமும் தெரியவில்லை என்று வருந்தினார். தேவன் எல்லார் இருதயத்தையும் ஒரேவிதமாக உடைப்பதில்லை என்று பிற்பாடு கண்டுகொண்டார். பெற்றோரின் வளர்ப்பும் கிருபை வந்துசேரும் வழிதான் என்று எழுதினார்.

தேதி தெரிந்தவர்களுக்காவது சந்தேகம் வராதா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பாருங்கள். 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கையில், தன் இருதயம் அனலானதாக நாட்குறிப்பில் எழுதினார். அதைவிடத் துல்லியமாக யார் எழுத முடியும்? 1739 ஜனவரியில் அதே நாட்குறிப்பில், நான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிவைத்தார். கடிகாரம் பார்த்து எழுதினவருக்கே அந்த நிலை என்றால், பென்சிலால் எழுதின என்னைச் சொல்ல வேண்டுமா!

யோவான் தன் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்" எழுதினதாகச் சொல்கிறார். யாருக்கு எழுதினாராம்? தேவகுமாரனுடைய நாமத்தின்மேல் "விசுவாசமாயிருக்கிற உங்களுக்கு". விசுவாசித்த உங்களுக்கு என்று அங்கே இல்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்றார் ஆண்டவர். அதுவும் நிகழ்காலம். எட்டு வயதில் நான் செய்த ஜெபம் உண்மையா, அரைகுறையா என்று நினைவைக் கிளறிப் பார்த்தால் பதில் கிடைக்காது. சாட்சி சொல்ல வேண்டிய அந்தச் சிறுவன் இப்போது இல்லை. இன்று அவரிடம் வருகிறேனா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்கு நினைவுசக்தி தேவையில்லை. வாக்கு கொடுத்தவர் அவர், காப்பாற்றுகிறவரும் அவர்.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கையில் எழுதும் வழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். பிள்ளைகள் நம்மைச் சந்தோஷப்படுத்தவும் கை தூக்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஏழு வயது இருக்கும்.

"அண்ணா, போன வருஷம் கை தூக்கிட்டேன். இந்த வருஷமும் தூக்கணுமா?"

"நேத்து ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி யார்கூடப் பேசின?"

"இயேசப்பாகூட."

"என்ன பேசின?"

"தம்பியை அடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"அவர் கேட்டாரா?"

என்ன கேள்வி இது என்பதுபோல என்னைப் பார்த்தான். "கேட்டாரே," என்றான். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு ஓடிவிட்டான்.