போலி டொமைனை நிறுத்துவது யார் கையில்?

[திரையில்: உப்புவெளிக் கடற்கரை, காலை. வீதியோரம் விடுதிகளின் பெயர்ப்பலகைகள்.]

வணக்கம். திருகோணமலையில் சீசன் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை. ஒரு பேச்சுக்கு, நிலாவெளியில் உங்களுக்கு ஒரு சின்ன விடுதி, அதற்கு ஓர் இணையத்தளம். அதே பெயருக்கு நடுவே ஒரு சிறுகோடு போட்டோ, பின்னால் 'புக்கிங்' என்று சேர்த்தோ இன்னொருவன் ஒரு டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, பதிகிறான். உங்கள் படங்களையே போட்டு முற்பணம் வாங்குகிறான். பயணிகள் பெட்டியோடு வந்து நிற்கும்போதுதான் உங்களுக்கே விஷயம் தெரியவருகிறது.

இதற்கு விதிகள் இல்லையா என்று கேட்டால், நிறையவே இருக்கின்றன. அவற்றில் எது உண்மையில் பலன் தருகிறது என்று பார்ப்போம்.

[திரையில்: ஐகேன், பதிவகம், ரெஜிஸ்ட்ரார், வாங்குபவர் என ஒரு சங்கிலி.]

டொமைன் என்பது காணி உறுதி மாதிரி இல்லை. வருடக் குத்தகை மாதிரி. டொட் கொம் போன்ற பொது முகவரிகளுக்கு மேலே இருப்பது 1998இல் தொடங்கிய ஐகேன், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு. அதன் கீழே பட்டியலை வைத்திருக்கும் பதிவகம், அதற்கும் கீழே உங்களுக்கு விற்கும் ரெஜிஸ்ட்ரார். ஐகேன் பொலிஸ் இல்லை. அதன் பிடி முழுவதும் இவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில்தான்.

முதல் பெரிய விதி 1999இல் வந்தது. பிறர் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு விலை பேசுபவர்களுக்கு எதிரான தகராறுக் கொள்கை அது. முதல் வழக்கு உலக மல்யுத்த சம்மேளனத்துடையது. அதன் பெயரில் டொமைனைப் பதிந்தவர், பதிந்து மூன்றாம் நாளே ஆயிரம் டொலருக்கு விற்கக் கேட்டிருக்கிறார். 2000 ஜனவரியில் தீர்ப்பு சம்மேளனத்துக்குச் சாதகமாக வந்தது.

நல்ல விதிதான், ஆனால் யாருக்கு? உலக புலமைச் சொத்து நிறுவனத்திடம் இப்படி ஒரு வழக்குப் போட, ஒரு நடுவர் போதும் என்றாலும் 1,500 டொலர். வென்றால் டொமைன் ரத்தாகும் அல்லது உங்கள் கைக்கு வரும். நட்டஈடு கிடையாது. பெயரில் உங்களுக்கு வர்த்தகக் குறி உரிமை இருப்பதையும் காட்ட வேண்டும். நாலு அறை வைத்திருப்பவர் இந்தப் பக்கமே போகமாட்டார்.

[திரையில்: ஐந்து நாள் காட்டும் நாட்காட்டி.]

அப்புறம் நடந்த ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. டொமைன் பதிந்து ஐந்து நாளுக்குள் நீக்கினால் ரெஜிஸ்ட்ராருக்கு முழுக்காசும் திரும்பக் கிடைத்தது. எழுத்துப் பிழை போன்ற தவறுகளுக்காக வைத்த சலுகை. சிலர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இலட்சக்கணக்கில் பெயர்களைப் பதிவது, விளம்பரத்தைப் போட்டு எதில் சில்லறை விழுகிறது என்று பார்ப்பது, மற்றதையெல்லாம் ஐந்தாம் நாளுக்குள் தள்ளிவிடுவது. செலவு பூச்சியம்.

ஐகேன் யாரையும் துரத்திப் பிடிக்கவில்லை. 2008இல், அளவுக்கு மேல் நீக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் 20 அமெரிக்க சதம் கட்டணம் என்றது. 2009 ஏப்ரலில் விதி இறுகியது: புதிய பதிவுகளில் 10 சதவீதம், அல்லது 50 பெயர், இதில் எது கூடவோ அதற்கு மேல் நீக்கினால் காசு திரும்பாது. இப்படி நீக்கப்படும் டொமைன்கள் 99.7 சதவீதம் குறைந்தன. வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை.

இதற்கு நேரெதிர் டொட் டிகே. நியூசிலாந்தின் கீழ் இருக்கும் டோக்கலாவ் என்ற குட்டித் தீவுக்கூட்டத்தின் முகவரி அது. ஃப்ரீனொம் என்ற நிறுவனம் அதை இலவசமாக அள்ளிக் கொடுத்தது, மோசடிக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு 2023இல் வெளியே தெரிந்தபோது இலவசப் பதிவு நின்றிருந்தது. அடுத்த வருடம் ஃப்ரீனொம் டொமைன் வியாபாரத்தையே விட்டது.

[திரையில்: பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை.]

2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், டொமைனின் சொந்தக்காரர் யார் என்று எவரும் பார்க்கக்கூடிய ஹூஇஸ் பட்டியலில் பெயர்கள் மறைந்தன. தனிமனிதருக்கு அது நியாயம். ஏமாந்தவருக்கோ கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

இப்போது உங்களுக்குப் பயன்படக்கூடியது, 2024 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கும் ஐகேன் ஒப்பந்தத் திருத்தம். அது சொல்லும் துஷ்பிரயோகம் ஐந்து வகை: கணினிக்குக் கேடு செய்யும் தீம்பொருள், அப்படிக் கைப்பற்றிய கணினிகளின் கூட்டமான பொட்நெட், போலித் தளத்தால் இரகசிய விவரங்களைப் பறிக்கும் ஃபிஷிங், சரியான முகவரியைத் தட்டினாலும் போலித் தளத்துக்குத் திருப்பிவிடும் ஃபார்மிங், இவற்றைப் பரப்பும் வேண்டாத மின்னஞ்சலான ஸ்பாம். தக்க ஆதாரத்தோடு முறைப்பாடு வந்தால் ரெஜிஸ்ட்ரார் தாமதிக்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். முறைப்பாடு கிடைத்ததென்று பதிலும் தர வேண்டும். எனக்கு உள்ள குறை, இந்த வரையறையின் ஒடுக்கம். போலி விடுதித் தளம் அட்டை விவரத்தையோ கடவுச்சொல்லையோ பறித்தால் ஃபிஷிங் என்று துணிந்து எழுதலாம். வெறுமனே வங்கிக் கணக்கில் முற்பணம் போடச் சொன்னால், 'இது உள்ளடக்கம் பற்றிய தகராறு' என்று ரெஜிஸ்ட்ரார் நழுவ இடமிருக்கிறது.

ஆகவே முறைப்பாட்டில் முழு முகவரி, திகதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷொட்டுகள், உங்கள் அசல் தளத்தின் முகவரி, ஏமாந்தவருக்கு வந்த மின்னஞ்சல் எல்லாம் இருக்கட்டும். பொதுவாக எழுதினால் வேலைக்கு ஆகாது.

சரி, டொட் எல்கே? நாட்டு முகவரிகளுக்கு ஐகேனின் இந்த ஒப்பந்தம் செல்லாது. டொட் எல்கேயும் தமிழ் எழுத்திலேயே முடியும் 'டொட் இலங்கை'யும் எல்கே டொமைன் பதிவகத்தின் பொறுப்பு, முறைப்பாடும் அங்கேதான். 'உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது' என்று குறுஞ்செய்தி வந்தால், இணைப்பின் பெயர்ப்பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். அரச தளம் டொட் கொவ் டொட் எல்கே என்று முடியும், அதை வெளியாட்கள் வாங்க முடியாது.

[திரையில்: ஒரே கணக்கிலிருந்து கிளைவிடும் பல டொமைன்கள்.]

ஐகேன் வட்டாரத்தில் பேசப்பட்டுவரும் ஒரு யோசனையை நான் ஆவலோடு பார்க்கிறேன். ஒரு டொமைன் மோசடி என்று உறுதியானால், அதே வாடிக்கையாளர் பதிந்த மற்றவற்றையும் ரெஜிஸ்ட்ரார் சோதித்தாக வேண்டும் என்பது அது. விற்பவர்களுக்கு இது செலவு, அதனால் இழுபறியும் இருக்கும். ஆனால் ஒரு டொலருக்கும் குறைவாகப் பெயர் கிடைக்கும்போது, உங்கள் விடுதிக்குப் போலி செய்தவன் பக்கத்து விடுதிகளுக்கும் அன்றே பதிந்திருப்பான். இன்றைய விதிப்படி அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக முறைப்பாடு எழுத வேண்டும்.