மெட்ரோவில் சர்வே எடுத்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை!

வணக்கம் மக்களே! இன்றைக்கு மியூசிக், எடிட்டிங் எதுவும் கிடையாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலை பதினோரு மணி வாக்கில் மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். பெட்டியில் பாதி இருக்கை காலி. டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்து, "அக்கா, பயணிகள் திருப்தி சர்வே, ரெண்டே நிமிஷம்" என்றார். நம் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவள் நான். உட்காருங்கள் தம்பி என்று நகர்ந்து இடம் கொடுத்தேன்.

கேட்டது என்ன தெரியுமா? பெட்டி சுத்தமா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண். ஏசி போதுமா? இருக்கை வசதியா? ஊழியர்கள் மரியாதையாகப் பேசுகிறார்களா? முடிந்தது, நன்றி அக்கா. வண்டிக்காக எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஒரு கேள்வி இல்லை. லைன் மாற எவ்வளவு நடந்தேன் என்று இல்லை. லிப்ட் ஓடுகிறதா என்று இல்லை. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! தம்பி மேல் எனக்குக் கோபமே கிடையாது, கொடுத்ததைக் கேட்கிறார். கேள்வியை எழுதியவர்கள் மேல்தான் கோபம். இத்தனைக்கும் புதிதாக யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2002இலேயே ஐரோப்பாவில் இஎன் 13816 என்று ஒரு தர அளவுகோல் வந்துவிட்டது. சேவை கிடைக்கிறதா, எளிதாகப் போய்ச் சேர முடிகிறதா, தகவல், நேரம், பயணிகள் மேல் அக்கறை, வசதி, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று எட்டுத் தலைப்பு அதில் இருக்கிறது. இந்த சர்வே அதில் இரண்டைத் தொட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

முதலில் காத்திருப்பு. போக்குவரத்துத் திட்டம் போடுபவர்கள், பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் போகும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாகத்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். நிற்கிற நேரம் மனதுக்கு அவ்வளவு கனம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம், அது பத்து நிமிடம் மாதிரித் தெரியும். அதையே நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஆக்குங்கள். நிற்பது இரண்டு நிமிடம், தெரிவது நான்கு. வண்டியின் வேகத்தைத் துளிகூடக் கூட்டாமல் ஆறு நிமிடம் மிச்சம்! "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போடுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். மாஸ்கோ மெட்ரோவில் நெரிசல் நேரத்தில் 90 விநாடிக்கு ஒரு வண்டி. அங்கே பிளாட்பாரக் கடிகாரங்கள் பல காலமாகக் காட்டி வந்தது அடுத்த வண்டி எப்போது என்பதை அல்ல, முந்தைய வண்டி போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதை. அடுத்தது எப்படியும் வந்துவிடும் என்கிற தைரியம் அது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்படி அடிக்கடி வண்டி விட முடியாத ஊரில், எப்போது வரும் என்றாவது சொல்ல வேண்டும். எட்டு நிமிடம் என்று தெரிந்து நிற்பது சுலபம், தெரியாமல் ஐந்து நிமிடம் நிற்பதுதான் கஷ்டம். சுரங்கத்துக்குள் நிற்கும் வண்டியில் ஒரு அறிவிப்பும் வராவிட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போமே, அதேதான். சொன்ன நேரத்தைக் காப்பாற்றுவதும் இதில்தான் சேரும். 2017 நவம்பரில் ஜப்பானின் சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பியது. அதற்கு அந்த நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. உலகம் முழுக்க அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. சரியான நேரத்துக்கு வந்து நிற்கிற ஆளுக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டால், 20 விநாடி அவருக்கு அடுத்த வண்டி வரைக்குமான காத்திருப்பு.

சரி, இப்போது என் வெற்றிக் கதை. இதற்காகவே இன்று கேமராவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்! லைன் மாறும் ஸ்டேஷனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நடந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? மேல் பிளாட்பாரத்தில் இறங்கி நீளமாக நடந்து, எஸ்கலேட்டரில் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே போனால், கீழே வண்டியின் கதவு கண்ணெதிரே மூடும். அங்கே நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். ஏறும் ஸ்டேஷனிலேயே இரண்டாவது பெட்டி, மூன்றாவது கதவு. தூண் பக்கத்தில் சிவப்புத் தீயணைப்புப் பெட்டி இருக்கும், அதற்கு நேராக நிற்க வேண்டும், ஒரு அடி இப்படி அப்படி கூடாது. இறங்கும்போது கதவு திறந்ததும் எதிரே எஸ்கலேட்டர்! முதல் ஆளாக இறங்கி, கீழே வண்டி வரும்போது நிதானமாக நின்றுகொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை. இந்தச் சந்தோஷத்தை எந்த ஏசியும் எனக்குக் கொடுத்ததில்லை. கூட்டம் குறைவு என்று எப்போதும் கடைசிப் பெட்டியில் ஏறுவேனே, அந்தப் பழக்கத்துக்கு இன்றோடு விடை கொடுத்தாயிற்று. ஒன்றை விட்டுவிட்டேன், இது போகும்போதுதான். திரும்பும்போது கடைசிக்கு முந்தின பெட்டி, முதல் கதவு.

டோக்கியோவில் இதைப் பயணிகள் இப்படித் துப்பறிய வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எந்தப் பெட்டி எஸ்கலேட்டருக்குப் பக்கம், எது லிப்டுக்குப் பக்கம் என்று பிளாட்பாரத்திலேயே பலகை இருக்கும். அதைத் தொடங்கி வைத்தது குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு லிப்ட் தேடி அலைந்த ஒரு தாய். ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தானே போய்ப் பார்த்துக் குறித்தார். தண்டவாளம் போடவில்லை, சுரங்கம் தோண்டவில்லை. ஒரு பலகை, அவ்வளவுதான்! இதை எல்லா மெட்ரோவும் செய்யலாம்.

அட, கூட்டத்தைச் சொல்லாமலே வந்துவிட்டேன். ஜப்பானில் நெரிசல் சதவீதத்தைப் பல காலமாக விளக்கி வந்த விதம் அருமையாக இருக்கும். எல்லோருக்கும் உட்கார இடமோ பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ கம்பியோ கிடைத்தால் 100 சதவீதம். செய்தித்தாளை விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்துத்தான் படிக்க முடியும் என்றால் 180. உடம்போடு உடம்பு இடித்தும் வார இதழை எப்படியோ படிக்க முடிந்தால் 200. கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250. பயணியின் கை அசைகிறதா என்பதை வைத்துப் புரிய வைத்தார்கள்! மற்ற இடங்களில் சதுர மீட்டருக்கு நான்கு பேர், ஆறு பேர் என்று கணக்குப் போடுவார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராக நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சராசரி என்கிற சமாச்சாரத்தையும் நம்பாதீர்கள். ஒரு வண்டியில் 1000 பேர், பின்னால் வரும் வண்டியில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் கணக்கில் வண்டிக்கு 550 பேர், தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் அந்த 1100 பேரில் 1000 பேர் நசுங்கித்தான் போனார்கள். தாமதமும் அப்படித்தான். காலை நெரிசலில் ஒரு வண்டி தாமதமானாலும், மதியம் காலியாக ஓடும் வண்டி தாமதமானாலும், வண்டிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆட்களை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். சர்வே பதினோரு மணிக்கு எடுப்பதில் எனக்கு இருக்கும் பெரிய குறையும் இதேதான். எட்டரை மணி வண்டியில் டேப்லெட்டை நீட்ட இடமே இருக்காது. வெறுத்துப்போய் பைக்குக்கு மாறியவர் எந்தப் பெட்டியிலும் இருக்க மாட்டார். மிச்சம் இருக்கும் எங்களைக் கேட்டு "பயணிகள் மகிழ்ச்சி" என்று எழுதிவிடுவார்கள்.

சுத்தம் முக்கியமில்லையா என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். முக்கியம்தான். ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். சில விஷயங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் கொதித்துவிடுவார்கள். சில விஷயங்கள் கூடக் கூடத் திருப்தியும் கூடும். இன்னும் சில, எதிர்பார்க்காமல் கிடைத்தால் ஆளையே மகிழ வைக்கும். சுத்தமும் பாதுகாப்பும் என் கணக்கில் முதல் வகை, அடிக்கடி வண்டி வருவது இரண்டாவது, அந்தப் பெட்டிப் பலகை மூன்றாவது. முதல் வகைக்கு மட்டும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனால் எப்படி?

கடைசியாக லிப்ட். சக்கர நாற்காலியில் போகும் நம் சப்ஸ்கிரைபர் ஒருவர் போன வீடியோவின் கீழே எழுதியிருந்தார், பிளாட்பாரம் வரை வந்த பிறகுதான் லிப்ட் ஓடவில்லை என்று தெரிந்ததாம். திருப்தியா என்று அவரிடம் எப்படிக் கேட்பார்கள்? நியூயார்க்கில் 472 சப்வே ஸ்டேஷன்கள் உண்டு, பெரும்பாலானவற்றில் இன்னும் படிக்கட்டுதான். வழக்குப் போட்டுப் போராடி, 2022இல்தான் ஒரு உடன்பாடு வந்தது. 2055க்குள் 95 சதவீத ஸ்டேஷன்களைச் சரிசெய்வார்களாம். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நடுத்தர வயதை எட்டியிருக்கும்! லிப்ட் கட்டக் காலம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த லிப்ட் பழுது என்று ஆப்பிலும் ஸ்டேஷன் வாசலிலும் போடுவதற்கு 2055 வரை எதற்கு? அடுத்த வீடியோவில் அவரும் நானும் சேர்ந்து வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை போய்ப் பார்க்கப்போகிறோம், வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். உங்கள் ஸ்டேஷனில் எந்த லிப்ட் நின்று கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள், அந்தப் பட்டியலையும் அதே வீடியோவில் வாசிக்கிறேன்.