வெண்டையில இருக்குற இலைச்சுருட்டுப் புழு நெல்லுக்குத் தாவுமா?

அடுத்த கேள்வி. "வரப்புல வெண்டை போட்டிருக்கேன், இலை சுருண்டு கிடக்கு. இப்ப நெல்லுலயும் இலை மடிஞ்சு வெள்ளை வெள்ளையா தெரியுது. அங்கிருந்து தாவிருச்சா? ரெண்டுக்கும் சேர்த்து மருந்து அடிச்சிரலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

தாவலைங்க. பேரு ஒண்ணு, பூச்சி வேற. வெண்டையில இருக்குறது சைலெப்டா டெரோகேட்டா. பருத்தி, வெண்டை, செம்பருத்தி, துத்தி, இந்தக் குடும்பத்துச் செடிதான் அதுக்குத் தீனி. இலையைப் புனல் மாதிரி சுருட்டும். நெல்லுல வர்றது நெஃபாலோக்ரோசிஸ் மெடினாலிஸ். இது நெல், மக்காச்சோளம், சோளம், கரும்புன்னு புல் இனத்தோட நிக்கும், வரப்புப் புல்லுலயும் இருக்கும். அதனால வெண்டையைப் பிடுங்காதீங்க, புல்லைச் செதுக்குங்க. அதோட முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. நெல்லுப் புழு வளர்ந்து ஆகுற அந்துப்பூச்சி இந்தியாவுல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு. ஜப்பான் குளிரை அது தாங்காது, ஆனாலும் வருஷா வருஷம் சீனா பக்கமிருந்து கடல் தாண்டிப் பறந்து போய் அங்க நெல்லுல இறங்குது. உங்க வரப்பு எம்மாத்திரம்?

மடிஞ்ச இலையை மெல்லப் பிரிச்சுப் பாருங்க. ரெண்டு ஓரத்தையும் பட்டு நூலால தைச்ச மாதிரி இருக்கும். உள்ள எச்சமும், வெளிர்பச்சைப் புழுவும். தொட்டா துள்ளிப் பின்னால போகும். பச்சையத்தைச் சுரண்டித் திங்கிறதாலதான் அந்த வெள்ளைக் கோடு. ஒரே புழு மூணு நாலு இலை மாறும், அதனால காலியா கிடக்குற மடிப்பைப் பார்த்துட்டு மருந்து அடிச்சா வீண்.

தூர் கட்டுற பருவத்துல 10 சதம் இலை, பூக்குற நேரத்துல கண்ணாடி இலையில (கதிரை ஒட்டி வர்ற கடைசி இலை) 5 சதம் சேதம், இதைத் தாண்டினாதான் மருந்து. நட்ட முதல் மாசம் பயிர் தானே புது இலை விட்டு ஈடுகட்டிரும். அப்ப அவசரப்பட்டு அடிச்சா சிலந்தி சாகும், அது தின்னுற புகையான்ங்கிற தத்துப்பூச்சி பின்னாலயே ஏறும். கயிறைப் பயிர் மேல இழுத்துட்டுப் போங்க, புழு தண்ணியில விழுந்துரும். யூரியாவை ஒரேயடியா கொட்டாதீங்க. கரும்பச்சையா தளதளன்னு நிக்கிற பயிரைத் தேடித்தான் அந்து முட்டை வைக்குது.

டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்ங்கிற குட்டிக் குளவி வெளிவர்ற அட்டையைக் கட்டுறதா இருந்தா ஏக்கருக்கு 2 சிசி (அட்டையை அளக்குற அளவு), நட்ட 37, 44, 51ஆம் நாள். அது முட்டை ஒட்டுண்ணி, அந்துப்பூச்சியோட முட்டையைத்தான் அழிக்கும். புழுவைக் கண்ட பிறகு கட்டினா அந்தப் புழுவை ஒண்ணும் செய்யாது. அப்ப ஏக்கருக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 10 கிலோவை இடிச்சு ஊறவெச்சு வடிகட்டி, 200 லிட்டர் கரைசலாக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்து சாயங்காலம் அடிங்க.

வெண்டைக்கு இப்போதைக்கு மருந்தே வேணாம். சுருண்ட இலையைப் புழுவோட கிள்ளி, சோப்புத் தண்ணியில போட்டிருங்க.